மருந்தும் மெழுகும்: கருமருந்துத் துப்பாக்கி குறிதவறாமை கற்ற வரலாறு

‘துப்பாக்கி’ என்று நாம் வழங்கும் சொல் துருக்கியில் பிறந்து, உருது வழியாகத் தமிழுக்கு வந்து சேர்ந்ததாகும். ‘தோட்டா’ என்பதும் உருது தந்த சொல்லே. அரபியில் துப்பாக்கிக்கு ‘புந்துகிய்யா’ என்று பெயர். ‘புந்துக்’ என்னும் சிறு உருண்டையின் பெயரிலிருந்து அது தோன்றிற்று. ‘பாரூத்’ என்ற சொல் முதலில் வெடியுப்பையும், பின்னர் வெடியுப்பு சேர்ந்த கலவையையும் குறித்தது. ஆயினும் பழைய அரபு நூல்களில் அக்கலவைக்கு ‘தவா’, அதாவது மருந்து என்ற பெயரும் உண்டு. சீனர் அதனைத் ‘தீமருந்து’ என்றனர். தமிழில் நாம் இன்றளவும் ‘வெடிமருந்து’, ‘கருமருந்து’ என்றே கூறி வருகிறோம்.

ஒன்றற்கொன்று தொலைவான மூன்று மொழிகள் ஒரே பெயரைச் சூட்டியிருப்பது சிந்திக்கத்தக்கது. மருந்தின் பயன் அதன் பொருளில் மட்டும் இல்லை. அளவிலும் பக்குவத்திலும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பித்தளைக் கூட்டினுள் கருமருந்தை அடைத்து 1000 கஜத் தொலைவிலுள்ள இலக்கைத் தாக்கக் கற்றுக்கொண்டவர்களின் வரலாறு இந்த அளவையும் பக்குவத்தையும் பற்றியதே. அவ்வரலாற்றில் இந்தியாவுக்கும் இஸ்லாமிய உலகுக்கும் ஓர் இடம் உண்டு. அது பெருமைக்குரிய இடமா, படிப்பினைக்குரிய இடமா என்பதை இக்கட்டுரையின் முடிவில் வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

உப்பின் கதை

வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் 75, 15, 10 என்ற விகிதத்தில் சேர்ந்ததே பிற்காலக் கருமருந்து. இம்மூன்றில் வெடியுப்பின் தூய்மையே மருந்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது. மண்ணிலிருந்து எடுக்கப்படும் உப்பில் கால்சியம், மக்னீசியம் சார்ந்த கலப்புகள் இருக்கும்; அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சி மருந்தை நமத்துப்போகச் செய்யும். ஹிஜ்ரி 7ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஹசன் அர்ரம்மாஹ் தமது குதிரையேற்றமும் போர்க்கருவிகளும் பற்றிய நூலில், மரச்சாம்பலைச் சேர்த்துக் காய்ச்சி அக்கலப்புகளை நீக்கும் முறையை விளக்கியுள்ளார். அதற்கு முன்பே, மருந்தியல் அறிஞர் இப்னுல் பைத்தார் வெடியுப்பைச் ‘சீனப் பனி’ என்ற பெயரால் அறிந்திருந்தார். ஒரு கலையின் மூலம் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காத நேர்மை அப்பெயரில் இருக்கிறது.

பின்னைய நூற்றாண்டுகளில் உலகின் வெடியுப்புக் களஞ்சியமாக விளங்கியது பீகார். பாட்னாவிலிருந்து கங்கை வழியே கல்கத்தா சென்று கப்பலேறிய உப்பே ஆங்கிலேயரின் மருந்தாலைகளுக்கு உயிர் கொடுத்தது.

கசடு என்னும் பகை

கருமருந்து முழுதும் எரிந்து புகையாகிவிடுவதில்லை. நோபிள், ஏபெல் என்னும் இரு ஆங்கில ஆய்வாளர்கள் 1870களில் மூடிய கலத்தினுள் அதனை எரித்து ஆராய்ந்தனர். எடையில் பாதிக்கும் சற்று அதிகமான பகுதி வாயுவாகாமல் திண்மமாகவே எஞ்சுகிறது என்பது தெளிவாயிற்று. அந்தக் கசடு குழலின் உட்புறத்தில் படிகிறது. காற்று ஈரமாயிருந்தால் அது குழைந்திருக்கும். வறண்ட வெயிலில் கல்லாக இறுகிவிடும்.

குழலின் உட்சுவரில் வெட்டப்பட்ட சுருள்புரிகளே குண்டைச் சுழலச் செய்து நேராகச் செலுத்துகின்றன. புரிகளைக் கசடு மூடினால், முதல் வெடியும் பத்தாம் வெடியும் ஒரே குழலிலிருந்து புறப்பட்டவை அல்ல என்றே கொள்ள வேண்டும். எனவே குறிதவறாமையைத் தேடியவர்களின் முதற்கேள்வி கண்ணைப் பற்றியதோ கையைப் பற்றியதோ அன்று. கசடை எவ்வாறு மென்மையாக வைத்திருப்பது என்பதே அவர்களின் கேள்வி. அதற்கு அவர்கள் கண்ட விடை மெழுகும் கொழுப்பும்.

1857இன் மெழுகுச்சீட்டு

இவ்விடத்தில்தான் நம் நாட்டு வரலாறு குறுக்கிடுகிறது. 1853ஆம் ஆண்டு மாதிரியான என்பீல்டு துப்பாக்கி புரிகள் கொண்ட குழலுடையது, வாய்வழியாக நிரப்பப்படுவது. அதன் தோட்டா காகிதத்தால் ஆனது. வீரன் அதைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, மெழுகிட்ட காகிதத்தோடு குண்டைத் திணிக்க வேண்டும். குண்டு தடையின்றி உள்ளே இறங்கவும், கசடு இறுகாதிருக்கவும் காகிதத்தின் மீது விலங்குக் கொழுப்பும் மெழுகும் கலந்த பூச்சு தடவப்பட்டது. அக்கொழுப்பு எந்த விலங்கினுடையது என்பதைக் கவனிக்க அதிகாரிகள் முயலவில்லை.

பசுவின் கொழுப்பு, பன்றியின் கொழுப்பு என்ற ஐயம் 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மிலிருந்து பரவியது. அம்மாத இறுதியில் அரசு ஓர் இணக்கம் கண்டது: சிப்பாய்கள் தேன்மெழுகும் எண்ணெயும் தாங்களே வாங்கிப் பூசிக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. ஆனால் ஐயம் அதற்குள் மெழுகைக் கடந்து, காகிதத்தின் பளபளப்பின் மீதே பாய்ந்துவிட்டது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 3ஆம் இலகு குதிரைப்படையின் 90 வீரர்களில் 85 பேர் தோட்டாக்களைத் தொட மறுத்தனர். அன்று அவர்களுக்கு அளிக்கப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே. எனினும் மே 9 அன்று அணிவகுப்பு மைதானத்தில் அவர்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள், ஹிஜ்ரி 1273 ரமலான் 16இல், கிளர்ச்சி வெடித்தது.

அக்கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. தோட்டா ஒன்றே காரணம் என்று கூறுவது வரலாற்றைச் சுருக்குவதாகும். ஆயினும் ஒன்றை நாம் குறித்தாக வேண்டும். கருவியைச் செய்தவர்கள் குழலுக்குள் நிகழ்வதை நுணுகி ஆராய்ந்தனர். அதைக் கையில் ஏந்தி வாயில் கடிக்க வேண்டிய மனிதனின் உள்ளத்துள் நிகழ்வதை ஆராயவில்லை.

விட்வொர்த்தும் கிரீட்மூரும்

அதே 1857இல் இங்கிலாந்தில் வேறோர் ஆராய்ச்சி நிறைவுற்றது. ஜோசப் விட்வொர்த் என்னும் பொறியாளர், குழலின் குறுக்களவைச் சுருக்கி, அறுகோண வடிவில் குடைந்து, 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று வீதம் முறுக்கினார். என்பீல்டின் முறுக்கோ 78 அங்குலத்துக்கு ஒன்று. 500 கஜத்தில் என்பீல்டின் குண்டுகள் சராசரியாக 2.24 அடி விலகின, விட்வொர்த்தினுடையவை 0.37 அடியே விலகின. நீண்டு மெலிந்த குண்டு, அதற்கேற்ற விரைந்த சுழற்சி என்ற விதி அன்றோடு நிலைபெற்றது. ஆனால் சிறுத்த குழலில் கசடின் தொல்லை மிகுந்தமையாலும், விலை உயர்ந்தமையாலும் படை அதை ஏற்கவில்லை.

கசடின் தொல்லைக்கு ஒரு பகுதி விடை, துப்பாக்கியைப் பின்வழியாக நிரப்பும் முறையில் கிடைத்தது. 1871இல் ஆங்கிலப் படை ஏற்ற மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் தோட்டாவில் மருந்து ஏறத்தாழ 5.5 கிராம், குண்டு 31 கிராம். 12 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் கலந்து குண்டு வார்க்கப்பட்டது. மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வைக்கப்பட்டது எது? தேன்மெழுகு வில்லை!

இக்கலை முதிர்ந்தது போட்டிக் களத்தில். நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் 1873இல் கிரீட்மூர் என்னும் சுடுகளம் திறக்கப்பட்டது. 1874 செப்டம்பர் 26 அன்று அங்கு அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதின. அயர்லாந்தினர் ரிக்பியின் வாய்வழி நிரப்பும் துப்பாக்கிகளையும், அமெரிக்கர் ஷார்ப்ஸ், ரெமிங்டன் நிறுவனங்களின் பின்வழித் துப்பாக்கிகளையும் ஏந்தினர். அணிக்கு அறுவர், 800, 900, 1000 கஜங்களில் ஒவ்வொருவருக்கும் 15 வெடிகள். 800 கஜத்தில் அமெரிக்கர் 326க்கு 317 என முந்தினர். 900இல் 310க்கு 312 என்றும், 1000இல் 298க்கு 302 என்றும் பிந்தினர். முடிவில் அமெரிக்கர் 934, அயர்லாந்தினர் 931. அயர்லாந்து வீரர் ஒருவர் அடித்த நடுப்புள்ளிக் குண்டு பக்கத்து இலக்கில் பதிந்ததால் அவருக்கு மதிப்பெண் இல்லாது போயிற்று. அதற்குரிய 4 புள்ளிகள் கிடைத்திருப்பின் வெற்றி இடம் மாறியிருக்கும். கை நடுங்காதவனும் கவனம் சிதறினால் தோற்பான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஒவ்வொன்றும் ஒன்றே போல்

பின்வழித் துப்பாக்கி அன்று வென்றதாயினும், வாய்வழியின் அனுகூலம் ஒன்றை நாம் மறுக்க இயலாது. வாய்வழி நிரப்புபவன் ஒவ்வொரு முறையும் கசடைக் குழலின் அடிக்குத் தள்ளிவிடுகிறான். பின்வழியில் அது தானே நிகழ்வதில்லை. ஆகவே போட்டியாளர்கள் ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் ஈரத்துணியால் குழலைத் துடைத்தனர். அல்லது பின்புறம் ஒரு சிறு குழாயைப் பொருத்தி வாயால் ஊதினர். மனித மூச்சின் ஈரமே கசடைக் குழையச் செய்யப் போதுமானது. எத்தனை முறை ஊதுவது என்பதும் கணக்கு. வறண்ட நாளில் கூடுதலாகவும் ஈர நாளில் குறைவாகவும் ஊதுவர்.

மருந்தைக் கூட்டில் நேரே கொட்டாமல், நீண்ட குழாய் வழியே மெல்லச் சொரிவர். மணிகள் ஒன்றோடொன்று நெருங்கிப் படிந்து, ஒவ்வொரு தோட்டாவிலும் ஒரே அடர்த்தி உண்டாகும். அதன்மேல் மெல்லிய அட்டை வில்லை வைத்து, அளந்த அழுத்தத்தால் அமுக்குவர். காற்றிடைவெளி விடுவது தீது. குண்டோ 35 கிராம் அளவு எடையுள்ளது. அது மிக மென்மையாயின் வெடியின் தாக்குதலில் மூக்கு வளையும். மிகக் கடினமாயின் அடிப்பகுதி விரிந்து புரிகளைப் பற்றாது. ஆதலால் 16 முதல் 30 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் என்று சோதித்துக் கலந்தனர். வார்த்த குண்டுகளைத் தனித்தனியே நிறுத்து, எடை பிசகியவற்றை மீண்டும் உருக்கினர்.

1000 கஜத்தைக் கடக்க அக்குண்டுக்கு 3 நொடிகளுக்கு மேல் ஆகும். வழியில் அது ஏறத்தாழ 40 அடி உயரம் எழுந்து இறங்குகிறது. எனவே துப்பாக்கியின் பின்புறத்தில் நுண்ணளவு கோடிட்ட உயரக் குறிகாட்டியையும், முன்புறத்தில் நீர்மட்டக் குமிழியையும் பொருத்தினர். பறக்கும் அந்த நொடிகளில் காற்று அதைப் பல அடிகள் தள்ளிவிட வல்லது. கொடியின் அசைவையும் கானலின் ஓட்டத்தையும் படிக்கத் தெரியாதவனுக்கு மேற்கூறிய பக்குவம் எதுவும் பயன்படாது.

இவை அனைத்துக்கும் உள்ளே ஓடும் கொள்கை ஒன்றே. ஒரு வெடி மிகச் சிறந்ததாக அமைவதன்று. எல்லா வெடிகளும் ஒன்றே போல் அமைவதே துல்லியம். அரபியில் இதற்கு ‘இத்கான்’ என்று பெயர். அல்அன்ஃபால் அத்தியாயம் சேகரிக்கப் பணிக்கும் ‘வலிமை’யை நபி (ஸல்) அவர்கள் எய்தல் என்றே விளக்கினார்கள் என்பது நாம் அறிந்ததே. அந்த ஊக்கத்தில் பிறந்த வில்லாண்மை நூல்கள் பல. மம்லூக் காலத்தில், கி.பி. 14ஆம் நூற்றாண்டில், தய்புகா அல்பக்லமிஷீ எழுதிய நூல் வில்லைப் பிடித்தல், நாண் பூட்டுதல், இழுத்தல், குறிபார்த்தல், விடுத்தல் என எய்தலைப் பகுத்து, ஒவ்வொன்றிலும் நேரும் பிழைகளை எடுத்துரைக்கிறது. கிரீட்மூரின் கணக்கேடுகளைப் பார்க்கும்போது அந்நூலின் மனப்பாங்கையே நாம் காண்கிறோம். இடம் மட்டுமே மாறியிருந்தது.

பிளெவ்னா

மாறியதன் அடையாளம் 1877இல் தெரிந்தது. உஸ்மானிய அரசு 1870களின் முற்பகுதியில், ரோட் தீவு மாநிலத்தின் பிராவிடன்ஸ் டூல் நிறுவனத்திடம் பீபாடி-மார்ட்டினி துப்பாக்கிகளை இலட்சக்கணக்கில் வாங்க ஒப்பந்தம் செய்தது. அக்காலத்தின் மிகச் சிறந்த கருமருந்துத் துப்பாக்கிகளுள் அதுவும் ஒன்று. பல்கேரியாவின் பிளெவ்னாவில் காஸி உஸ்மான் பாஷாவின் படை பதுங்குகுழிகளில் தோட்டாப் பெட்டிகளைக் குவித்துக்கொண்டு, ஜூலை 20, ஜூலை 30, செப்டம்பர் 11 ஆகிய நாள்களில் நிகழ்ந்த மூன்று ரஷ்யத் தாக்குதல்களை முறியடித்தது. ரஷ்யர் தம் துப்பாக்கியால் பதில் கூற இயலாத தொலைவிலேயே வீழத் தொடங்கினர். ஐரோப்பியப் படைகள் எல்லாம் இதைப் பாடமாகப் படித்தன. முற்றுகையால் உணவு தீர்ந்து, டிசம்பர் 10 அன்று பிளெவ்னா வீழ்ந்தது.

அவ்வீரத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தொலைவிலிருந்து பொழியப்பட்ட அந்தத் தோட்டா மழை எண்ணிக்கையின் வெற்றி; குறிப்பார்வையின் வெற்றியன்று. துப்பாக்கியும் தோட்டாவில் பெரும்பகுதியும் கடல் கடந்து விலைக்கு வந்தவை. அதே பிராவிடன்ஸ் ஆலை அதே பொறியமைப்பில், ‘கிரீட்மூர்’ என்ற பெயரிலேயே இலக்குத் துப்பாக்கிகளையும் செய்து உள்நாட்டுப் போட்டியாளருக்கு விற்றது. கருவி ஒன்றே. ஒரு நாட்டில் அது ஒப்பந்தத்தில் வந்த சரக்கு. மற்றொன்றில் பொதுமக்கள் அளந்து, எழுதி, ஒருவர்க்கொருவர் கற்பித்த கல்வி. எய்தலை நூலாக எழுதியவர்களின் வழித்தோன்றல்கள் எய்கருவியை விலைக்கு வாங்குவோராயினர். கருவியை வாங்கலாம், இத்கானை வாங்க இயலாது.

எஞ்சியது

1886இல் பிரெஞ்சுப் படை புகையற்ற மருந்துத் துப்பாக்கியை ஏற்றபின், கருமருந்து போர்க்களத்தை விட்டு அகன்றது. விளையாட்டில் மட்டும் அது மறையவில்லை. 1985 முதல் அமெரிக்காவில் பழைய முறைத் துப்பாக்கிகளுக்கென்றே தேசியப் போட்டி நடைபெற்று வருகிறது. கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக்கடா ஆகியவற்றின் இரும்பு உருவங்களை 200, 300, 385, 500 மீட்டர் தொலைவுகளில் நிறுத்திச் சுடுகின்றனர். அவர்கள் குண்டுக்குப் பூசும் பூச்சு எது? கனிம எண்ணெய் கருமருந்தோடு சேர்ந்தால் தார்போல் இறுகிவிடும் என்பதால், பலரும் விரும்புவது தேன்மெழுகும் தாவர எண்ணெயும் சேர்ந்த கலவை.

1857 ஜனவரியில், காலங்கடந்து, சிப்பாய்களுக்கு அனுமதிக்கப்பட்ட கலவையும் அதுவே. குழலுக்கும் குற்றமில்லாதது, மனச்சான்றுக்கும் குற்றமில்லாதது என இரண்டுக்கும் பொருந்தும் ஒரு பொருள் அன்றே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முதலிலேயே கேட்டிருந்தால் எந்தச் சிப்பாயும் அதனைச் சொல்லியிருப்பான். குழலை அளந்தவர்கள் மனிதனைக் கேட்கத் தவறினர். நம்மவர்களோ கருவியைப் பெற்றும் அளக்கத் தவறினர். இவ்விரு தவறுகளில் எது பெரிது என்று வாதிடுவதைக் காட்டிலும், இரண்டையும் தவிர்ப்பதே அறிவுடைமை.