வழிவிடும் வழக்கம்

ஒருவரையொருவர் முன்பின் அறியாத இருவர் ஒரு வீதியில் எதிர்ப்படுகின்றனர். வீதியோ ஒருவர் செல்வதற்கு மட்டுமே இடங்கொடுக்கக்கூடியது. இவ்விருவருள் ஒதுங்க வேண்டியவர் எவர்? இந்தக் கேள்வி மோட்டார் வண்டியுடன் பிறந்ததன்று. மனிதன் பாதை அமைத்த நாள் தொட்டே இது அவனைத் தொடர்ந்து வந்திருக்கின்றது. இன்று நெடுஞ்சாலையில் ஒரு லொறிச் சாரதியும் ஒரு கார்ச் சாரதியும் ஒருவரையொருவர் கடக்கும்போது கைக்கொள்ளும் மரியாதைகளும், அவர்களுக்கிடையே எழும் பிணக்குகளும் அந்தப் பழைய கேள்வியின் வழிவந்தவையே. அம்மரியாதைகள் எதனை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தன என்பதை நேயர்களுடன் சேர்ந்து சிறிது ஆராய விரும்புகின்றேன்.

மகாபாரதத்தின் ஆதிபருவத்திலே ஒரு கதை உண்டு. இக்குவாகு குலத்து அரசனான கல்மாஷபாதன் வேட்டையாடிக் களைத்து வரும்போது, ஒருவரே செல்லக்கூடிய ஒற்றையடிப் பாதையில் வசிட்டரின் மைந்தரான சக்தி முனிவரை எதிர்கொள்கின்றான். “விலகி வழிவிடுக” என்கின்றான் அரசன். அந்தணனுக்கு அரசனே வழிவிடல் வேண்டும் என்பது முனிவரின் வாதம். இருவரும் அசையவில்லை. அரசன் சவுக்கினால் அடிக்கின்றான். முனிவர் அவனை அரக்கனாகுமாறு சபிக்கின்றார். அரக்கனாகிய அவனுக்கு முதலில் இரையாகின்றவர் அச்சாபமிட்ட முனிவரே. கிரேக்கரிடத்திலும் இதனையொத்த கதை வழங்கியது. மூன்று பாதைகள் கூடும் இடத்திலே தேரில் வந்த ஒரு முதியவருக்கும் நடந்துவந்த ஓர் இளைஞனுக்கும் வழிவிடுவதில் மூண்ட சச்சரவே, ஈடிப்பஸ் தன் தந்தையென்று அறியாமலே தந்தையைக் கொல்வதற்குக் காரணமாயிற்று. வழிவிட மறுக்கும் சிறிய அகந்தை எத்துணைப் பெரிய கேட்டில் முடியும் என்பதைத் தொன்மையோர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு இவ்விரு கதைகளும் சான்றாகும்.

ஆயினும் அவர்கள் கதையோடு நின்றுவிடவில்லை, விதியும் வகுத்தனர். எவரெவருக்கு வழிவிடல் வேண்டும் என மனுநூல் ஒரு வரிசை தருகின்றது. வண்டியிற் செல்பவர், தொண்ணூறு வயதைக் கடந்தவர், நோயாளி, பாரம் சுமப்பவர், பெண், கல்வி முடித்த மாணவர், அரசர், மணமகன் என்போர் அவ்வரிசையிற் காணப்படுகின்றனர். மகாபாரதத்தின் வனபருவத்தில் அட்டாவக்கிரர் கூறும் வரிசையிலும் பார்வையற்றவர், செவிப்புலனற்றவர், பெண், பாரம் சுமப்பவர், அரசர் ஆகியோர் இடம்பெறுகின்றனர். அந்தணர் எதிர்ப்படின் வழி அவருக்கே உரியது என்றும் அது சொல்கின்றது. இவ்வரிசைகளை உற்று நோக்கினால் இரண்டு வெவ்வேறு நியாயங்கள் அங்கே கலந்திருப்பது புலப்படும். அரசரும் அந்தணரும் தம் உயர்வினால் வழி பெறுகின்றனர். நோயாளியும் முதியவரும் பாரம் சுமப்பவரும் தம் இடர்ப்பாட்டினால் வழி பெறுகின்றனர். முன்னையது பதவி பற்றியது. பின்னையது இயலாமை பற்றியது. காலஞ் செல்லச் செல்ல முன்னைய நியாயம் தேய்ந்து, பின்னைய நியாயம் வளர்ந்து வந்ததே வீதி ஒழுக்கத்தின் வரலாறு எனலாம்.

வீதியில் எப்பக்கமாகச் செல்வது என்ற கேள்விக்கும் பதவி விடை தரவில்லை. வண்டியோட்டியின் தொழிலே விடை தந்தது. ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலே 18ஆம் நூற்றாண்டில் கொனெஸ்டோகா எனப்படும் பெரிய சரக்கு வண்டிகள் ஓடின. அவற்றைப் பல குதிரைகள் இழுத்தன. வண்டியோட்டி இடப்பக்கமாக நடந்தோ, இடப்பக்கத்துக் குதிரையின் மீது அமர்ந்தோ செலுத்தினான். எதிரே வரும் வண்டியின் சக்கரம் தன் சக்கரத்துடன் உரசாமல் செல்வதைக் கண்ணாற் காண, தான் வலப்பக்கமாகச் செல்வதே அவனுக்கு வசதியாயிற்று. 1792இல் அம்மாநிலம் பிலடெல்பியாவிலிருந்து லங்காஸ்டருக்குச் செல்லும் வீதிக்கு வலப்பக்க ஒழுங்கைச் சட்டமாக்கியது. பிரித்தானியாவோ நெடுநாளாக இருந்த இடப்பக்க வழக்கை 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தினால் உறுதி செய்தது. ஆங்கில ஆட்சிக்குட்பட்ட நாடுகள் பலவற்றுக்கு அவ்வழக்கே சென்றது. இலங்கையும் அவற்றுள் ஒன்று.

இனி, நம் நாட்டு மலைவீதிக்கு வருவோம். தேசாதிபதி எட்வர்ட் பாண்சின் காலத்தில், 1820களில், கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி அமைக்கப்பட்டது. அப்பணியில் முன்னின்ற பொறியியலாளர் டோசனின் நினைவாகக் கடுகண்ணாவையில் எழுப்பப்பட்ட கோபுரத்தை அவ்வழியே செல்வோர் இன்றும் காணலாம். 1832இல் அவ்வீதியில் குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. 1867இல் புகைவண்டி கண்டியை அடையும் வரையில், மலைநாட்டுக் கோப்பி கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கியதும், தோட்டங்களுக்கு வேண்டிய அரிசி மேலே ஏறியதும் பெரும்பாலும் மாட்டுவண்டிகளிலேயாம்.

கடுகண்ணாவை போன்ற ஏற்றத்தில் பாரவண்டியின் நிலையை எண்ணிப் பார்த்தால் மலைவீதி ஒழுக்கத்தின் காரணம் விளங்கும். இறங்கும் வண்டியை நிறுத்துவது அரிதாயினும், நின்ற பின் அது மீண்டும் புறப்படுவது எளிது. ஏறும் வண்டியோ ஒரு முறை நின்றுவிட்டால் மாடுகள் அதனை மறுபடியும் அசைப்பது பெரும்பாடு. பின்னோக்கி உருளும் ஆபத்தும் உண்டு. மாட்டின் இடத்திலே இயந்திரம் வந்த பின்னும் இவ்வுண்மை மாறவில்லை. பாரமேற்றிய லொறி ஏற்றத்தில் தன் வேகத்தை இழந்துவிட்டால் அதனை மீண்டும் பெறுவதற்கு நெடுநேரம் செல்லும். ஆதலினாலேயே ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடல் வேண்டும் என்னும் ஒழுக்கம் மலைநாடுகளிற் பரவியது. இந்தியாவில் 1989இல் வெளியான வீதி ஒழுங்கு விதிகளிலும் இது இடம்பெற்றது. 1968இல் வியன்னாவில் நிறைவேறிய சர்வதேச வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேற்சென்றது. செங்குத்தான வீதியில் இரு வண்டிகள் எதிர்ப்பட்டு, ஒன்று பின்னோக்கிச் செல்ல நேரின், இணைப்பு வண்டிக்கு ஏனைய வண்டிகளும், கனமான வண்டிக்கு இலகுவான வண்டியும், பஸ் வண்டிக்கு லொறியும் இடங்கொடுக்க வேண்டும் என அது விதித்தது. அரசனும் அந்தணனும் இவ்வரிசையில் இல்லை. பாரம் சுமப்பவனுக்கு மனுநூல் அளித்த இடமோ அழியாது நிலைத்திருக்கின்றது.

இதனாற் பெரியதற்கே எப்பொழுதும் முதலிடம் என்று கருதிவிடலாகாது. பிரித்தானியாவில் 1865இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இதற்கு மாறான பாடத்தைத் தருகின்றது. வீதியிற் செல்லும் நீராவி இயந்திர வண்டிக்கு முன்னால் 60 கஜ தூரத்திலே ஒருவன் செங்கொடி ஏந்தி நடத்தல் வேண்டும். நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலும் நகரத்தில் 2 மைலுமே வேகம். குதிரையுடன் வருபவன் கையை உயர்த்தினால் இயந்திரம் உடனே நிற்றல் வேண்டும். இச்சட்டத்தை நகைப்புக்குரியதாகவே பலர் பேசுவர். 1896இல் இக்கட்டுப்பாடு நீங்கியதை மோட்டார் ஓட்டிகள் விழாவாகவும் கொண்டாடினர். ஆனால் அதனுள் பொதிந்த கருத்து நகைப்புக்குரியதன்று. இயந்திரம் நின்றால் இழப்பது சில நிமிடங்களே. குதிரை மிரண்டால் இழப்பது உயிராகலாம். ஒதுங்குவது எவருக்கு எளிதோ அவரே ஒதுங்க வேண்டும் என்னும் நியாயம் இங்கும் தொழிற்படக் காணலாம்.

பின்னர் வேறொரு சிக்கல் தோன்றியது. எதிரே வருபவனைக் கடப்பது ஒன்று. முன்னே செல்பவனைக் கடப்பது மற்றொன்று. பிரித்தானியாவின் 1930ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம் கார்களுக்கிருந்த மணிக்கு 20 மைல் என்ற எல்லையை நீக்கியது. கனமான லொறிகளுக்கோ அந்த 20 மைல் எல்லை 1957 வரையில் நீடித்தது. ஒடுங்கிய, வளைந்த வீதியிலே 20 மைல் வேகத்தில் ஊரும் லொறியின் பின்னால் விரைந்து செல்லத் துடிக்கும் கார்கள் வரிசையாயின. காரில் இருப்பவர் காண்பது லொறியின் பின்பலகையை மட்டுமே. உயர்ந்த ஆசனத்தில் இருக்கும் லொறிச் சாரதியே முன்னுள்ள வீதியைக் காண்கின்றார். அவர் தம் கையை வெளியே நீட்டி முன்னும் பின்னுமாக அசைத்து, “கடந்து செல்லலாம்” எனக் குறிகாட்டினார். 1931இல் முதன்முதல் வெளியாகிய நெடுஞ்சாலை விதிக்கோவையின் பழைய பதிப்புகளில் இக்கைக்குறி முறையான சமிக்ஞையாகவே இடம்பெற்றிருந்தது. தொழிலாளி ஒருவர் தம் கண்ணை மற்றொருவருக்குச் சிறிது நேரம் இரவல் கொடுத்த மரியாதை அது.

லொறிச் சாரதிகள் தமக்குள்ளும் ஒரு மரியாதையை வளர்த்துக்கொண்டனர். நீண்ட லொறியொன்று இன்னொன்றை இரவிலே கடக்கும்போது, தன் பின்முனை மற்றதன் முன்முனையைத் தாண்டிவிட்டதா என்பதைக் கண்ணாடியில் அளந்தறிவது கடினம். அமெரிக்கப் பெருவீதிகளில் இன்று ஓடும் இணைப்புப் பெட்டிகள் 53 அடி நீளமுடையவை. ஆகவே, கடக்கப்பட்ட சாரதி தம் முன்விளக்கை ஒரு முறை இமைத்து, “பின்முனை தாண்டிவிட்டது, உள்ளே வரலாம்” என அறிவிப்பார். கடந்தவர் தம் பின்விளக்கையோ திருப்ப விளக்கையோ இமைத்து நன்றி கூறுவார். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் இவ்வழக்கு வேரூன்றியது. இதனை எச்சட்டமும் கட்டளையிடவில்லை. ஒரே தொழிலின் இன்னல்களை அறிந்தவர்கள் தாமாகவே கண்டுகொண்ட மொழி இது.

கார்ச் சாரதிகளிற் பலர் அம்மொழியை அறியார். அதனினும் முக்கியமாக, லொறியின் பாரத்தையும் அவர்கள் உணரார். அமெரிக்காவின் மாநிலங்களை இணைக்கும் பெருவீதிகளில் ஒரு லொறி பொதுவாக 80,000 இறாத்தல் வரை நிறை கொண்டிருக்கலாம். அது ஏறக்குறைய இருபது கார்களின் நிறையாகும். மணிக்கு 65 மைல் வேகத்தில், நல்ல வீதியிலே, கார் நிற்பதற்கு 300 அடியளவு போதுமாயின், பாரமேற்றிய லொறி நிற்பதற்கு 500 அடிக்கு மேல் வேண்டும். ஆகையால் அனுபவமுள்ள லொறிச் சாரதி தமக்கு முன்னே நீண்ட இடைவெளி விட்டுச் செல்கின்றார். அவரைக் கடந்து வரும் கார்ச் சாரதிக்கு அது வெற்றிடமாகத் தோன்றுகின்றது. உடனே அதற்குள் நுழைந்து வேகத்தையும் குறைக்கின்றார். உண்மையில் அது வெற்றிடமன்று. அந்த இடைவெளியே லொறியின் தடுப்புக்கருவி. அதற்குள் நுழைபவர் லொறிச் சாரதியின் கையிலிருந்த தடுப்பைப் பறித்துவிட்டு, அதன் முன்னே தாமே சென்று நிற்கின்றார். இருவருள் உயிரிழக்கக் கூடியவர் பெரும்பாலும் காரில் இருப்பவரே.

சமிக்ஞை மொழியிலும் ஓர் ஆபத்து உண்டு. சொல் ஒன்றாயினும் ஊருக்கு ஊர் பொருள் வேறாகலாம் அல்லவா? பிரித்தானியாவில் முன்விளக்கை இமைத்தால் “நீர் வாரும்” என்று பலர் கொள்வர். நம் நாட்டிலும் இந்தியாவிலும் பெரும்பாலும் “நான் வருகின்றேன், விலகும்” என்பதே அதன் பொருள். இந்தியாவில் லொறியின் வலப்பக்க விளக்கு சில வேளை “கடந்து செல்க” என்றும், சில வேளை “நான் வலப்பக்கம் திரும்புகின்றேன்” என்றும் பொருள்படும். இவ்விரண்டையும் மாறிக் கொள்பவர் பிழைப்பது அரிது. இது பற்றியே பிரித்தானிய விதிக்கோவை, விளக்கை இமைப்பது தம் இருப்பை அறிவிப்பதற்கு மட்டுமே என்றும், பிறர் இமைத்ததை அழைப்பாகக் கொண்டு புறப்படலாகாது என்றும் இன்று அறிவுறுத்துகின்றது. லொறிகளின் பின்புறத்தில் ஒலியெழுப்பும்படி எழுதி வைக்கும் வழக்கத்தையும், வீண் ஒலியை வளர்க்கின்றது எனக் கூறி மகாராட்டிர மாநிலம் 2015இல் தடைசெய்தது.

இரு திசைகளையும் பிரித்து அமைக்கப்படும் அதிவேக வீதிகள் இம்மரியாதைகளுக்கு வேலையில்லாமற் செய்துவிடும் என்று சிலர் எண்ணலாம். பிரித்தானியாவின் எம் 1 வீதி 1959இலும் நம் தெற்கு அதிவேக வீதியின் முதற்பகுதி 2011இலும் திறக்கப்பட்டன. எதிரே வருபவரோடு மோதும் அச்சம் அங்கே பெரிதும் குறைந்தது உண்மை. ஆனால் முன்னே செல்பவருக்கும் பின்னே வருபவருக்கும் உள்ள உறவு அங்கும் அப்படியே இருக்கின்றது. வீதி எத்துணை அகன்றாலும், கடந்து முடித்தபின் எவ்வளவு தூரம் சென்று உள்ளே வருவது என்பதை ஒவ்வொரு முறையும் ஒரு மனிதரே தீர்மானிக்க வேண்டியிருக்கின்றது.

நேயர்களே, கல்மாஷபாதனும் சக்தி முனிவரும் “நம்முள் உயர்ந்தவர் எவர்?” என்று வினவினர், இருவரும் கேடுற்றனர். பாரவண்டிகளின் சாரதிகள் “நம்முள் ஒதுங்குவது எவருக்கு எளிது?” என்று வினவக் கற்றனர். வீதி ஒழுக்கத்திற் சிறந்தன யாவும் அவ்வினாவிலிருந்து பிறந்தவையே. அடுத்த முறை மலையேறும் லொறியொன்றின் பின்னே காத்திருக்க நேர்ந்தால், அதன் சாரதி உங்கள் வழியை மறிக்கவில்லை என்பதை நினைவிற்கொள்ளுங்கள். நாம் உண்ணும் அரிசியும் பருப்பும் அந்தப் பாரத்துள் இருத்தல் கூடும். அவரைக் கடந்தபின், அவருடைய இரு முன்விளக்குகளும் உங்கள் கண்ணாடியில் முழுமையாகத் தெரியும் வரையில் உள்ளே திரும்பாதிருங்கள். அதன் பின்னரும் அவருக்கு முன்னே உடனே வேகத்தைக் குறையாதிருங்கள். அதனால் நாம் இழப்பது ஒரு சில விநாடிகளே.