நாய்கள் ஏறிய சக்கர வீடு

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 'மோட்டார் ஹோம்' என்று ஒரு வண்டி உண்டு. வெளியே பார்த்தால் பேருந்து. உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் அமைந்த வீடு. நாம் இதைச் சக்கர வீடு என்று சொல்லிக்கொள்ளலாம். அயோவா மாநிலத்து வின்னபேகோ நிறுவனம் 1966-ஆம் ஆண்டில் இவ்வண்டிகளைச் செய்து மலிவாக விற்கத் தொடங்கிய பின், ஓய்வு பெற்ற தம்பதியர் பலர் இவற்றில் ஏறி ஊர் ஊராகச் சுற்றி வரலாயினர். அவர்களுள் சிலர் வெறும் உலாவோடு நிற்பதில்லை. படுக்கையை மடக்கிவிட்டு அந்த இடத்தில் கூண்டுகளை அடுக்குகிறார்கள். டெக்சாசிலோ லூசியானாவிலோ உரியவர் இல்லாத நாய்களை ஏற்றிக்கொண்டு, ஆயிரம் இரண்டாயிரம் மைல் வடக்கே போய், வளர்க்க விரும்பும் குடும்பங்களிடம் சேர்ப்பிக்கிறார்கள்.

ஒரு நாயை ஏன் இவ்வளவு தூரம் சுமக்க வேண்டும்? வடக்கே நாய்க்குப் பஞ்சமா? ஒரு வகையில் பஞ்சம்தான். அது எப்படி வந்தது என்பதும், நாயோடு கூட வேறு என்னவெல்லாம் அவ்வண்டியில் ஏறின என்பதும் அறியத்தக்க வரலாறு.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அமெரிக்க நகரங்கள் தெரு நாய்களை நடத்திய முறை கொடியது. நியூயார்க் நகரப் பட்டியில் பிடிபட்ட நாய்களை இரும்புக் கூண்டில் அடைத்துக் கிழக்கு ஆற்றில் அமிழ்த்திக் கொன்றனர். 1866-இல் ஹென்றி பெர்க் என்பவர் அந்நகரில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவினார். 1869-இல் பிலடெல்பியாவில் கரோலின் ஏர்ல் ஒயிட் என்ற பெண்மணி தலைமையில் மகளிர் கிளை ஒன்று தோன்றி, பட்டிக்கு மாறாகக் காப்பகம் ஒன்றை நடத்திக் காட்டியது. பிடித்த நாயைக் கொல்லாமல் ஒரு வீட்டில் சேர்க்கலாம் என்ற எண்ணம் அங்கேதான் வேரூன்றியது. ஆனால் வேரூன்றியது எண்ணம் மட்டுமே. 1970-களின் தொடக்கத்தில் அந்நாட்டுக் காப்பகங்களில் கொல்லப்பட்ட நாய் பூனைகளின் தொகை ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இதற்கிடையில் நாய்கள் மாநிலம் விட்டு மாநிலம் பயணம் செய்துகொண்டுதான் இருந்தன, வீடுகளுக்கல்ல, ஆய்வுக்கூடங்களுக்கு. 1965-ஆம் ஆண்டுக் கோடையில் பென்சில்வேனியாவில் ஒரு குடும்பத்தின் பெப்பர் என்ற டால்மேஷன் நாய் காணாமற் போயிற்று. நாய் வியாபாரி ஒருவரின் வண்டியில் அது ஏற்றப்பட்டிருந்ததைப் புகைப்படம் ஒன்றில் அடையாளம் கண்டு, குடும்பத்தார் நியூயார்க் மாநிலம் வரை தேடிச் சென்றனர். வியாபாரியின் பண்ணைக்குள் அவர்களை விடவில்லை. பின்னர்தான் தெரிந்தது: நாய் ஒரு மருத்துவமனைக்கு விற்கப்பட்டுச் சோதனையின்போது இறந்தும் போயிருந்தது. அத்தொகுதி உறுப்பினர் ஜோசப் ரெஸ்னிக் நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். 'லைஃப்' இதழ் 1966 பிப்ரவரியில் நாய் வியாபாரிகளின் கொட்டடிகளைப் படம் பிடித்து வெளியிட்டது, நாடே கொதித்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜான்சன் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1976-இல் செய்த திருத்தம், விலங்குகளை வண்டியில் கொண்டு செல்லும் முறைக்கும் விதிகள் வகுக்க வழி செய்தது. இன்று நாய்களைக் காப்பாற்ற ஓடும் வண்டிகளுக்கு முன்னோடி, நாய்களைத் திருடிச் சென்ற வண்டிகளே என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

வடக்கே பஞ்சம் வந்த கதைக்கு வருவோம். 1971-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகராட்சி குறைந்த கட்டணத்தில் நாய் பூனைகளுக்குக் கருத்தடை அறுவை செய்யும் நிலையத்தைத் திறந்தது. அதைப் பார்த்து மற்ற நகரங்களும் முனைந்தன. வடகிழக்கு மாநிலங்களில் இப்பழக்கம் நன்கு பரவியது. குளிர் கடுமையான அப்பகுதியில் தெருக் குட்டிகள் பிழைப்பதும் கடினம். இருபது முப்பது ஆண்டுகளில் அங்கே காப்பகங்களில் குட்டி நாய் அரிதாயிற்று. தெற்கிலோ வெப்பநிலை இதமானது, சிற்றூர்கள் மிகுதி, கால்நடை மருத்துவர் தொலைவில், அறுவைக்குச் செலவிடப் பணமும் குறைவு. காப்பகங்கள் நிரம்பி வழிந்தன. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம் என்றால் நீர் ஓடத்தானே செய்யும்? தன்னார்வலர்கள் தங்கள் கார்களில் ஆளுக்கு அறுபது எழுபது மைல் ஓட்டி, சாலையோர வண்டி நிறுத்துமிடங்களில் அடுத்தவரிடம் நாயை ஒப்படைக்கும் சங்கிலி முறை வளர்ந்தது. 2004-இல் பெட்ஸ்மார்ட் அறநிறுவனம் இதற்கென்றே பெரிய வண்டிகளை ஓட்டத் தொடங்கியது.

சங்கிலி முறையில் ஒரு குறை உண்டு. பத்துக் கைகள் மாறும் நாய் மிரளும். மாற்றும் நேரத்தில் கயிற்றை உதறி ஓடினால் பிடிப்பது அரிது. சக்கர வீட்டில் புறப்பட்ட இடத்திலிருந்து போய்ச் சேரும் இடம் வரை அதே இருவர் முகம்தான். தண்ணீர் உண்டு, இரவில் நிறுத்தி உறங்கலாம். எல்லாவற்றினும் முக்கியம், எஞ்சினை நிறுத்திய பிறகும் தனி மின்னாக்கியால் குளிர்சாதனம் ஓடும்.

இது சொகுசுக்காக அன்று. வெயிலில் நிற்கும் கண்ணாடி மூடிய வண்டியைப் பற்றி 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, வெளியே இதமான வெப்பமே இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் உள்ளே ஏறத்தாழ 22 சென்டிகிரேடு பாகை கூடிவிடுகிறது என்றும், அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது என்றும் கண்டது. கண்ணாடியைச் சற்றுத் தாழ்த்தி வைத்தும் பெரும் பயன் இல்லை. ஒளிக்கதிர் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்து இருக்கைகளைச் சூடாக்குகிறது. சூடான காற்று வெளியேற வழியில்லை. நமக்காவது உடலெல்லாம் வியர்க்கும். நாய்க்கு வியர்வைச் சுரப்பி பாதங்களில்தான் உண்டு. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதே அதன் குளிர்சாதனம். சுற்றியுள்ள காற்றே சூடாகவும் ஈரமாகவும் ஆகிவிட்டால் இரைத்தும் பயனில்லை. பெட்ரோல் நிரப்பப் பத்து நிமிடம் நிறுத்துவதே இருபது நாய்கள் உள்ள வண்டியில் கணக்கிட்டுச் செய்ய வேண்டிய காரியம்.

2005 ஆகஸ்டு 29-ஆம் நாள் கத்ரீனா சூறாவளி லூசியானாக் கரையைத் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் கரைகள் உடைந்து வெள்ளம் புகுந்தது. மக்களை ஏற்றிச் சென்ற பேருந்துகளிலும் படகுகளிலும் வளர்ப்பு விலங்குகளுக்கு இடமில்லை. ஸ்னோபால் என்ற தன் நாயைக் காவலர் பறித்ததும் சிறுவன் ஒருவன் அதன் பெயரைச் சொல்லி அழுது அழுது வாந்தியெடுத்த செய்தி உலகெங்கும் பரவியது. நாயை விட்டு வரமாட்டேன் என்று வெள்ளத்திலேயே தங்கியவர்களும் பலர். பின்னர் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் லாரிகளும் குதிரை வண்டிகளும் சக்கர வீடுகளும் அங்கே வந்து குவிந்தன. கன்சாலஸ் என்னும் ஊரில் உள்ள கண்காட்சித் திடல் ஆயிரக்கணக்கான விலங்குகளின் முகாமாயிற்று. உரியவர் வராத நாய்கள் வண்டி வண்டியாக மற்ற மாநிலங்களுக்குச் சென்றன. 2006 அக்டோபரில் புதிய சட்டம் வந்தது: கூட்டரசின் பேரிடர் உதவி பெற விரும்பும் மாநிலங்களும் ஊராட்சிகளும் மக்களோடு வளர்ப்பு விலங்குகளையும் வெளியேற்றத் திட்டம் வைத்திருக்க வேண்டும்.

இதுவரை நல்ல கதை. இனிப் புழுவின் கதை.

கத்ரீனாவில் மீட்கப்பட்ட நாய்களின் இரத்தத்தைப் பிறகு சோதித்தபோது, ஏறக்குறைய பாதி நாய்களில் இதயப் புழு இருந்ததற்கான சான்று கிடைத்தது. 'டைரோஃபைலேரியா இம்மிட்டிஸ்' என்பது இதன் அறிவியற் பெயர். பெண் புழு ஒரு சாண் நீளத்துக்கு மேலும் வளரும். தோற்றத்தில் வெள்ளை நூல் போன்றது. நுரையீரலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனியிலும், பெருகிவிட்டால் இதயத்தின் வலப்புறத்திலும் வாழும். ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து ஆயிரமாயிரம் நுண்புழுக்களை இரத்தத்தில் ஈன்றுகொண்டேயிருக்கும். கொசு கடிக்கும்போது நுண்புழுக்கள் கொசுவின் உடலுக்குள் சென்று, இரண்டு வாரம் வளர்ந்து, அடுத்த கடியில் அடுத்த நாய்க்குள் இறங்கும்.

கும்பகோணத்து முதியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யானைக்கால் நோயைத் தரும் ஃபைலேரியாப் புழுவுக்கு இது நெருங்கிய உறவு. மனிதப் புழு கொசுவில் வளர்வதைச் சீனத்து அமாய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன் 1877-இல் கண்டறிந்தார். நாய்ப் புழுவும் கொசுவாலேயே பரவுகிறது என்பதை 1900-இல் இத்தாலியரான கிராசியும் நோயேயும் காட்டினர். நம் ஊர்களில் யானைக்காலுக்காக வீடு வீடாகக் கொடுத்த டை எத்தில் கார்பமசின் மாத்திரையைத்தான் அமெரிக்காவில் நாய்களுக்கு இப்புழு வராமலிருக்க நாள்தோறும் கொடுத்து வந்தனர். 1987-இல் மாதம் ஒரு முறை கொடுத்தால் போதும் என்ற ஐவர்மெக்டின் வந்து அந்த இடத்தைப் பிடித்தது. ஜப்பானிய மண்ணில் சதோஷி ஓமுரா கண்ட நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்து அது; அவரும் வில்லியம் கேம்ப்பெலும் 2015-இல் நோபல் பரிசு பெற்றனர்.

மருந்து இருந்தும் சிக்கல் எங்கே? கொசுவுக்குள் நுண்புழு வளர வெப்பம் வேண்டும். 14 பாகைக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். ஆகவே குளிர் மாநிலங்களில் இந்நோய் அரிது. அரிது என்பதால் அங்குள்ளோர் பலர் தம் நாய்க்கு மாத மருந்து கொடுப்பதில்லை. அங்கும் கோடை உண்டு, கொசு உண்டு. இல்லாதிருந்தது புழு மட்டும்தான். அதைச் சக்கரத்தில் ஏற்றி நாமே கொண்டு போய் இறக்கினால்?

கொலராடோவில் இதைக் கணக்கெடுத்தார்கள். 2013-க்கும் 2017-க்கும் இடைப்பட்ட காலத்தில் வளர்ப்புக்காக அம்மாநிலத்துக்குள் வந்த நாய்கள் ஒரு லட்சத்துக்கு மேல். அதே காலத்தில் சோதனையில் புழு தெரிந்த நாய்களின் வீதம் மூன்றில் இரண்டு பங்கு கூடியது. நாடு முழுதும் கூடியது இதைவிடக் குறைவு. பழைய வீதம் மிகச் சிறியது என்பதையும், வந்த நாய்களே கணக்கைக் கூட்டியிருக்கலாம் என்பதையும் மறக்கலாகாது. இதைக் காட்டி நாய்களை ஏற்றவே கூடாது என்று சொல்வோர் உண்டு. அது வெள்ளத்தில் தவிப்பவனைக் காய்ச்சல் இருக்கிறதென்று கரையேற்றாமல் விடுவது போன்றது. கரையேற்றலாம், காய்ச்சலையும் பார்க்க வேண்டும்.

பார்ப்பது எளிதன்று. மாநில எல்லை கடக்க மருத்துவர் சான்றிதழ் வேண்டும். ஆனால் அது நாய் அன்று எப்படித் தோன்றியது என்பதை மட்டுமே சொல்லும். 1978-இல் உலகெங்கும் பரவிய பார்வோ என்னும் வைரசு நோய் தொற்றிப் பல நாள் கழித்தே வெளிப்படும். இதனால் மாசசூசெட்ஸ் மாநிலம் 2005-இல், வந்திறங்கும் நாய்களைக் குறைந்தது 48 மணி நேரம் தனிமையில் வைக்க ஆணையிட்டது. இதயப் புழுவோ இதைவிடக் கள்ளத்தனமானது. கொசு கடித்து ஆறு மாதம் ஆகும் வரை எந்தச் சோதனையிலும் அகப்படாது.

சோதனையில் அகப்பட்ட பிறகும் உடனே பயணம் கூடாது. முதிர்ந்த புழுவைக் கொல்வது மெலார்சோமின் என்னும் ஆர்செனிக் சேர்ந்த ஊசி மருந்து. செத்த புழு துண்டு துண்டாகி நுரையீரல் தமனிகளை அடைக்கும். அப்போது நாய் ஓடினாலோ பதறினாலோ உயிருக்கே ஆபத்து. வண்டிப் பயணத்தின் பதற்றமும் அவ்வகையே. அமெரிக்க இதயப் புழுக் கழகமும் காப்பக மருத்துவர் சங்கமும் சேர்ந்து வகுத்த முறை இதுதான்: இயன்றவரை தெற்கிலேயே சோதித்துச் சிகிச்சையை முடித்து, பிறகு ஏற்ற வேண்டும், ஊசி போட்ட பின் ஒரு மாதமாவது பயணம் ஆகாது. காப்பகத்தில் இடமில்லை, காத்திருந்தால் நாயைக் கொன்றுவிடுவார்கள் என்ற நிலையில், ஊசியைத் தள்ளி வைத்து, இரத்தத்தில் உள்ள நுண்புழுவை அழிக்கும் மருந்தும், புழுவுக்குள் வாழும் பாக்டீரியாவைக் கொல்ல டாக்சிசைக்ளினும் கொடுத்து, உடம்பில் கொசு அண்டாத தைலம் தடவி ஏற்றலாம். அந்நாயின் கூண்டில் ஒரு தாளும் கட்டப்படுகிறது: எந்த நாளில் சோதித்தோம், எந்த மருந்து கொடுத்தோம், அடுத்த ஊசி எப்போது, மீண்டும் எந்த மாதம் சோதிக்க வேண்டும் என்று. வடக்கே நாயை வாங்கிக்கொள்ளும் குடும்பம் கயிற்றோடு அந்தத் தாளையும் வாங்கிக்கொள்கிறது.