அம்பாந்தோட்டையும் ஓர் ஆங்கில நாவலும்

1904ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்திலே கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கிய ஓர் ஆங்கில இளைஞரின் பொதிகளுள் வோல்த்தேயரின் நூல்கள் 90 பாகங்கள் இருந்தன. இலங்கைச் சிவில் சேவையில் உத்தியோகம் ஏற்க வந்த அவருக்கு வயது 24. பெயர் லெனாட் வுல்ப்.

அவர் முதலில் அனுப்பப்பட்ட இடம் யாழ்ப்பாணம். வடபகுதிப் புகையிரதப் பாதை அப்போது முழுமையுறவில்லை. அநுராதபுரம் வரை புகையிரதம், அங்கிருந்து ஆனையிறவு வரை காட்டினூடே தபால் மாட்டுவண்டி, பின்னர் மீண்டும் புகையிரதம் என அமைந்தது அப்பயணம். ஐம்பது ஆண்டுகளின் பின் எழுதிய சுயசரிதையிலும் அவ்வழியை அவர் விரித்துரைக்கிறார்.

யாழ்ப்பாணம் அவருக்கு நாவலொன்றைக் கொடுக்கவில்லை. கோட்டை மதில்மேல் அமைந்த வீட்டில் வாழ்ந்து, கச்சேரிக் கடதாசிகளோடு பொழுதுபோக்கியவருக்கு ஊரின் உள்வாழ்வு எட்டியிருத்தல் அரிது. ஆயினும் வெறுங்கையராய் அவர் திரும்பவில்லை. 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்தபோது கண்டவை ஒரு சிறுகதையாயின. யாழ்ப்பாணத்துப் பிராமணர் இருவர், ஒருவர் மீன்பிடித்தும் மற்றவர் கிணறு வெட்டி மண் சுமந்தும் சாதியிழந்த கதை இன்னொன்று. இரண்டும் 1921இல் நூலுருப் பெற்றன. நம்மவர் சாதிப் பெருமையை நகைக்கும் அக்கதையைப் படித்து நாமும் நகைக்கலாம். சற்றே நாணவும் செய்யலாம்.

இங்கேதான் அவர் மனத்தில் முதல் ஐயமும் எழுந்தது. குதிரைமீதிருந்து சவுக்கினால் ஒரு கட்டடத்தைச் சுட்டிக்காட்டியவரை, ஊர்ப் பிரமுகர் ஒருவரின் முகத்தில் வேண்டுமென்றே அடித்தாரென யாழ்ப்பாணத்தவர் முறையிட்டனர். குற்றம் பொய்யென்பதை அவர் அறிவார். எனினும், குதிரைமீது அமர்ந்து அந்நியர் ஊரை ஆள்வதே முகத்தில் அடிப்பது போன்றதன்றோ என்ற எண்ணம் அவரை உறுத்தியது.

கண்டியில் ஓராண்டு கழிந்தது. 1908இல் அம்பாந்தோட்டைக்கு உதவி அரசாங்க அதிபரானார். வரண்ட காடு, உப்பளங்கள், ஆங்காங்கே சில குடிசைகள் கொண்ட ஊர்கள்: இதுவே அவர் ஆட்சி எல்லை. நடந்தும் குதிரையேறியும் அதனை அவர் சுற்றிவந்தார். சிங்களம் கற்றார். இரவில் நீர்நிலைகளருகே காத்திருந்து விலங்குகள் நீரருந்த வருவதைக் கண்டார். உப்புச் சேகரிப்பும், 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பும், நீதவான் பணியும் அவர் பொறுப்பே. மாடுகளை வெக்கை நோய் பீடித்தபோது, நோயுற்று அலைந்தவற்றைத் தாமே சுட்டுக் கொன்றார். உழுவதற்கு வேறு வழியற்ற குடியானவர் அவரை வெறுத்தனர்.

1911இல் விடுமுறையில் இங்கிலாந்து சென்றவர் திரும்பிவரவில்லை. அடுத்த ஆண்டு உத்தியோகத்தைத் துறந்து, பின்னாளில் பெரும்புகழ் பெற்ற எழுத்தாளர் வேர்ஜீனியாவை மணந்தார். 1913இல் அவர் நாவல் வெளிவந்தது. பெத்தகம என்பது கதையில் வரும் ஊர். காட்டூர் என்பது அதன் பொருள். வேட்டைக்காரன் சிலிந்துவும் அவன் புதல்வியர் இருவருமே கதையின் மாந்தர். சேனை வெட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு விதானையின் தயவு வேண்டும். விதைநெல்லுக்குக் கடன் வேண்டும். இம்மூன்று கயிறுகளும் ஒன்றாய் இறுக, குடும்பம் அழிகிறது. இறுதியில் காடே ஊரை விழுங்குகிறது.

சேனைகளைக் கட்டுப்படுத்திய அதிகாரி வுல்ப்பே என்பதை இங்கு மறத்தலாகாது. அவர் அன்றாடம் எழுதிய அரசாங்க நாட்குறிப்பிலே சேனை ஓர் நிருவாகச் சிக்கல். நாவலிலோ அது பசித்தவனின் ஒரே வழி. கதையில் வெள்ளைக்கார நீதவானும் ஒருவர் உளர். நேர்மையுடையவர், சாட்சிகளில் ஏதோ பொய் கலந்திருப்பதாக ஐயுறுகிறார். ஆனால் எழுத்திலுள்ள சாட்சியத்தை மீற இயலாது குற்றமற்றவனைச் சிறைக்கு அனுப்புகிறார். அந்நீதவானிடத்தில் வுல்ப் தம்மையே நிறுத்திப் பார்த்தாரென்று கொள்வதில் தவறில்லை. நீதிமன்றில் அமர்ந்தபோது அவர் காண இயலாத மறுபக்கத்தை, இலண்டனிலிருந்து நினைவுகூர்ந்தபோதே கண்டார்.

1960இல், தமது 79ஆம் வயதில், வுல்ப் மீண்டும் இலங்கைக்கு வந்தார். அம்பாந்தோட்டைப் பகுதியில் அவரைக் காண வந்தவர்களுள், ஒருகாலத்தில் ஊர்த் தலைமைக்காரராயிருந்த ஒரு முதியவரும் இருந்தார். அரை நூற்றாண்டுக்கு முன், அந்த மாட்டு நோய்க் காலத்தில், தம்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையை அவர் மறந்திருக்கவில்லை. அது நீதிதானா என்று வுல்ப்பிடமே கேட்டார்.