காசு யாருக்குன்னு பசங்க சொல்லட்டும்

ஸ்கூல் விட்டதும் பசங்க எங்கே போவாங்க? 1935-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஃபிளின்ட் நகரத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. மாலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளைத் திறந்துவிடலாமே என்றார் உடற்கல்வி ஆசிரியர் ஃபிராங்க் மேன்லி. தொழிலதிபர் சார்லஸ் ஸ்டூவர்ட் மாட் 6,000 டாலர் கொடுத்தார். ஐந்து பள்ளிகள் திறந்தன. நல்ல காரியம்தான். ஆனா முடிவெடுத்தவங்க பெரியவங்க.

அரை நூற்றாண்டு கழித்து, அதே மாநிலத்தில் கெல்லாக் அறக்கட்டளை வேற மாதிரி யோசிச்சது. உள்ளூர் அறக்கட்டளைகள் 2 டாலர் திரட்டினால் நாங்க 1 டாலர் தர்றோம், 10 லட்சம் டாலர் வரைக்கும். ஆனா ரெண்டு நிபந்தனை. எங்க பணம் இளைஞர்களுக்கான நிரந்தர நிதியா இருக்கணும். அதிலிருந்து யாருக்கு உதவுறதுன்னு பள்ளிப் பசங்க குழு பரிந்துரைக்கணும்.

பசங்க தங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் சர்வே எடுத்தாங்க. விண்ணப்பங்களைப் படிச்சு விவாதிச்சாங்க. மாலை நேர வகுப்பு, விளையாட்டு, மனநலம்னு ஊருக்கு ஊர் தேவை மாறியது. கடைசி ஒப்புதல் பெரியவங்க கையில்தான். இருந்தாலும் 1998-ல் மிச்சிகன் சட்டத்தையே திருத்தி, 16 வயதினரும் தொண்டு நிறுவன இயக்குநர் ஆகலாம் என்றது.

என்னைக் கேட்டா, முக்கியமான சொல் 'நிரந்தர'. பசங்களைக் கேட்கிறது பெரியவங்க தயவா இருந்தா, ஆள் மாறினதும் நின்னுடும். இங்கே அது பணத்தோடயே சேர்த்து எழுதின விதி. அதனால்தான் நிலைச்சது.