குருதியமுக்கமும் மகப்பேறும்: ஒரு வரலாற்று நோக்கு

மானிப்பாயிலே தமிழில் மேனாட்டு மருத்துவம் கற்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீன், 1857ஆம் ஆண்டிலே மகப்பேற்று மருத்துவ நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். முள்ளந்தண்டில் மருந்தேற்றி உடலின் கீழ்ப்பாகத்தை மாத்திரம் உணர்விழக்கச் செய்யும் முறை அக்காலத்தில் உலகில் எங்கணும் இல்லை. 1898இல் ஜேர்மனியின் கீல் நகரிலே ஓகஸ்ட் பியர் சத்திரசிகிச்சைக்கு அதனைக் கையாண்டார். 1900இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலே ஒஸ்கார் கிரைஸ் பிரசவ வேதனையுற்ற பெண்களுக்கு அதனைப் பயன்படுத்தினார். தாய் விழித்திருக்கவே சிசேரியன் சத்திரசிகிச்சை செய்தல் பின்னர் இயல்வதாயிற்று. ஆயின், அந்நன்மையுடன் ஓர் இடரும் வந்தது. அது குருதியமுக்கம் சடுதியாக வீழ்தலாகும்.

இரணைமடு நீர் பாயும் நிலத்தார்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். வாய்க்காலை மிக அகலமாக வெட்டினால் அதே நீர் தாழ்ந்தோடும், கடைவயலுக்கு எட்டாது. அவ்வாறே மருந்து பரிவு நரம்புகளை அடக்கக் குருதிக்கலன்கள் விரிகின்றன. குருதி கால்களிலே தேங்குகின்றது. தாய்க்குக் குமட்டலும் மயக்கமும் உண்டாகும். கடைவயல் போன்ற சிசுவுக்குச் சூல்வித்தகத்தின் வழியாகச் செல்லும் குருதியும் குன்றும்.

பரிகாரங்கள் படிப்படியாகவே தோன்றின. சீனரின் பழைய மூலிகையொன்றிலிருந்து யப்பானிய அறிஞர் நாகாய் 1885இல் எபெட்ரின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தார். 1927இல் அமெரிக்க வைத்தியர் அதனை இவ்வமுக்க வீழ்ச்சிக்குப் பயன்படுத்தினர். மல்லாந்து படுக்கும் கர்ப்பிணியின் கருப்பை கீழ்ப்பெருநாளத்தை நெரித்து, இதயத்துக்கு மீளும் குருதியைத் தடுப்பதால் அமுக்கம் வீழ்வது 1953இல் விளக்கப்பட்டது. வயிற்றை இடப்பக்கம் சாய்த்தல் என்னும் செலவில்லாப் பரிகாரம் இவ்வறிவின் பயனாகும். நாளத்தின் வழியே சேலைன் ஏற்றுதலும் வழக்காயிற்று.

1974இல் சினைச் செம்மறியாடுகளிற் செய்த ஆய்வு எபெட்ரினையே சிறந்ததெனக் காட்டிற்று. பல்லாண்டுகள் அக்கருத்தே நிலவியது. பின்னர் மானிடச் சிசுக்களின் தொப்புட்கொடிக் குருதியைச் சோதித்தபோது, எபெட்ரின் சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவின் குருதியில் அமிலத்தன்மையை மிகுவித்தல் தெரிந்தது. 2018இல் வெளிவந்த சருவதேசப் பரிந்துரை, கலன்களைச் சுருக்கும் பினைலெப்ரினை முதன்மையாகக் கொண்டது. வீழ்ந்தபின் மருந்திடுதலினும் வீழாமற் காத்தலே மேல் என்பதும் அதன் கருத்து. பினைலெப்ரின் தாயின் நாடித்துடிப்பைக் குறைக்கக்கூடுமாதலின் இடையறாக் கண்காணிப்பும் வேண்டும்.

2009இன் இறுதிப்போர்க் காலத்திலே வன்னியின் தற்காலிக மருத்துவமனைகளில் மயக்கமருந்தும் குருதியும் அருகியிருந்தன. மருந்து அரிதாகும் வேளையில் அறிவின் அருமை பெரிதும் புலனாகும். நேற்றைய சிறந்த மருந்து இன்று இரண்டாமிடம் பெறலாம். ஆயின் அமுக்கத்தை அடிக்கடி அளந்து, தாயின் முகத்தை நோக்கி, அவளை இடப்பக்கம் சாய்க்கும் கவனம் என்றும் முதலிடத்துக்குரியது. தாயும் சேயுமாகிய ஈருயிரைக் காக்கும் கல்வி இதுவாகும்.