கீழ்முதுகு மூட்டழற்சியில் ஓய்வும் அசைவும்

நாள்பட்ட இடுப்பு வலி என்று போனால் முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். முள்ளெலும்பின் ஓரம் கூராக வளர்ந்து, இடைத்தட்டு சுருங்கியிருந்தால், தேய்மானம் என்று முடிவாகிறது. பெல்ட், வலி மாத்திரை, ஓய்வு என்று சீட்டும் எழுதப்படுகிறது. இவற்றில் நீண்ட ஓய்வுதான் அதிகக் கேடு செய்கிறது. சிகிச்சை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைப் படத்தைவிட வலி வரும் நேரமே தெளிவாகக் காட்டுகிறது என்பது என் வாதம்.

1994-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில், 36 விழுக்காட்டினருக்கு மட்டுமே இடைத்தட்டுகள் அனைத்தும் இயல்பாக இருந்தன. படத்தில் தெரியும் தேய்மானம் பலருக்கும் தலைநரை போன்றதே. அதை மட்டும் வைத்து வலிக்குக் காரணம் சொல்லிவிட முடியாது.

வலியின் நேரத்தைக் கேட்டால் வேறு கதை வெளிப்படும். நாற்பது வயதுக்குள் மெல்லத் தொடங்கி மாதக்கணக்கில் நீடிக்கும் வலி, பின்னிரவில் எழுப்பிவிடுகிறது. விடிந்து அரை மணி நேரமாகியும் விறைப்பு விடுவதில்லை. நடமாடினால் தணிகிறது, படுத்தால் தணிவதில்லை. இது அழற்சி வலி. முதுகுத்தண்டின் மூட்டுகளை அழற்சி தாக்கும் ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோயாக இருக்கலாம். இந்நோய்க்கும் எச்.எல்.ஏ. பி27 மரபுக்கூறுக்கும் உள்ள தொடர்பு 1973-லேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் நோயறியப் பல ஆண்டுகள் ஆகின்றன. தொடக்க காலத்தில் எக்ஸ்ரே இயல்பாகவே இருப்பது அதற்கொரு முக்கியக் காரணம். தேய்மானத்தை மிகைப்படுத்திய படம் இங்கே நோயையே மறைத்துவிடுகிறது.

கீழ்முதுகு எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் ஷோபர் சோதனைக்குப் பேனாவும் அளவு நாடாவும் போதும். இடுப்புக் குழிகளின் மட்டத்தில் ஒரு கோடு, 10 செ.மீ. மேலே இன்னொன்று. முழங்காலை மடக்காமல் குனியும்போது இடைவெளி ஏறத்தாழ 15 செ.மீ. ஆக வேண்டும். ஆகாவிட்டால் கீழ்முதுகின் வளைவு குறைந்திருக்கிறது என்று பொருள். சில மாதங்களுக்கு ஒருமுறை அளந்து குறித்துவந்தால் நோயின் போக்கும் தெரியும்.

மருந்து, வலி அழற்சியாலா தேய்மானத்தாலா என்ற பாகுபாட்டைப் பொறுத்தது. அழற்சி வலிக்கு ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மாத்திரைகளே முதற்படி. வயிற்றையும் சிறுநீரகத்தையும் கவனித்துக்கொண்டு தர வேண்டும். கைமூட்டு வாதத்துக்கு உதவும் மெத்தோட்ரெக்சேட் முதுகுத்தண்டுக்குப் பயன்படுவதில்லை. மாத்திரை போதாதபோது அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். புரதத்தைத் தடுக்கும் ஊசி கைகொடுக்கும்; அதற்குமுன் மறைந்திருக்கும் காசநோய்க்கான பரிசோதனையை நம் நாட்டில் எக்காரணம் கொண்டும் தவிர்க்கலாகாது.

முதியவர்களின் தேய்மான வலி பெரும்பாலும் நின்று வேலை செய்தபின் மாலையில் கூடும், உட்கார்ந்தால் குறையும். இவர்களுக்காவது ஓய்வு தேவைதானே என்று கேட்கலாம். வலி மிகுந்த நாளில் சுமையைக் குறைப்பது சரி. படுத்தே கிடந்தால் முதுகைத் தாங்கும் தசைகள் மெலிந்து, அடுத்த வலி இன்னும் எளிதாக வருகிறது. குறிப்பிட்ட நோயால் வராத நாள்பட்ட முதுகு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தந்த வழிகாட்டுதலும் உடற்பயிற்சியை ஆதரிக்கிறது, இடுப்பு பெல்ட்டை வழக்கமாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது.

காய்ச்சல், எடைக்குறைவு, கால் பலவீனம், சிறுநீர் கட்டுப்படாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் படம் உடனே எடுக்கத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு எக்ஸ்ரே சீட்டு எழுதுமுன் காலை விறைப்பு எத்தனை நிமிடம் என்று மருத்துவர் கேட்டுக் குறிக்கட்டும். விடை அரை மணியைத் தாண்டினால் மூட்டுவாத நிபுணரிடம் அனுப்பட்டும்.