மூன்று ரோல் ஃபிலிமும் ஒரு கையசைப்பும்

நம் போனில் ஒரே அலையை எடுத்த நாற்பது படம் இருக்கும். ஒன்றைக்கூட அழிக்க மனசு வராது. ஃப்ராங்க் ஹர்லிக்கு அந்த வசதி இல்லை.

அண்டார்க்டிகாவின் வெட்டல் கடலில் பனியில் சிக்கி நொறுங்கிய எண்டூரன்ஸ் கப்பலின் புகைப்படக்காரர் அவர். 1915 நவம்பரில், மூழ்கிக்கொண்டிருந்த கப்பலுக்குள் ஐஸ் தண்ணீரில் இறங்கி கண்ணாடி நெகட்டிவ்களை மீட்டார். எல்லாவற்றையும் சுமக்க முடியாது. அவரும் தலைவர் ஷாக்கில்டனும் பனி மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். சுமார் 120 தேறின. மீதி 400ஐ அங்கேயே உடைத்தார்கள். சும்மா விட்டுவிட்டுப் போயிருக்கலாமே? பிறகு மனசு மாறி எடுக்கத் திரும்பிவிடக் கூடாதே என்றுதான். பெரிய கேமராக்களும் போயின. மிஞ்சியது ஒரு வெஸ்ட் பாக்கெட் கோடக், மூன்று ரோல் ஃபிலிம்.

1916 ஏப்ரலில் 28 பேரும் எலிஃபண்ட் தீவில் கரையேறினார்கள். அங்கே குளிர்காலம் நெருங்கும் நேரம். பின்னால் செங்குத்துப் பாறை, பக்கத்தில் பனியாறு, முன்னால் கடல். 24ஆம் தேதி ஷாக்கில்டனோடு ஆறு பேர் ஜேம்ஸ் கேர்ட் என்ற சிறு படகில் உதவி தேடிக் கிளம்பினார்கள். மற்ற 22 பேரும் இரண்டு படகுகளைக் கவிழ்த்துப் போட்டு அதன் கீழே குடியிருந்தார்கள். பனிப்புயல் அடித்தால் வெளியே தலைகாட்ட முடியாது. இந்த வானிலையில், எண்ணி எண்ணித்தான் ஹர்லி படம் எடுத்தார். ஆகஸ்ட் 30 அன்று சிலி நாட்டின் யெல்சோ கப்பல் வந்தது. 22 பேரும் உயிரோடு இருந்தார்கள்.

அந்தத் தீவின் புகழ்பெற்ற படத்தில், கரையில் நிற்பவர்கள் கடலைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். மீட்புக் காட்சி என்று அதை வெளியிட்டார்கள். உண்மையில் அது ஏப்ரல் 24, படகை வழியனுப்பிய நாள். நெகட்டிவைத் திருத்தி, தலைப்பை மாற்றிவிட்டார்கள். முதல் உலகப்போரிலும் ஹர்லி பல நெகட்டிவ்களை ஒட்டி ஒரே காட்சியாக்கினார். அதற்காக ஆஸ்திரேலியாவின் போர் வரலாற்றாளர் சார்லஸ் பீனோடு மோதவும் செய்தார்.

கையசைப்பு ஒன்றுதானே, தேதி மாறினால் என்ன என்று கேட்கலாம். ஆகஸ்டில் கையசைத்தவருக்குப் பிழைத்துவிட்டோம் என்று தெரியும். ஏப்ரலில் கையசைத்தவருக்கு அந்தப் படகு போய்ச் சேருமா என்பதே தெரியாது. இருந்தும் கையைத் தூக்கினார். அந்தப் படத்தை இப்போது பார்க்கும்போதெல்லாம் நான் தேதியை ஏப்ரலுக்கு மாற்றித்தான் பார்க்கிறேன். அவர்கள் முன்னால் இன்னும் 128 நாட்கள் கிடக்கின்றன.